நாற்பது மில்லிமீட்டர் மெத்தை

“அண்ணே, இந்த ஷூ எவ்ளோண்ணே?”

காலை ஐந்தே கால் மணி. வீராணம் ஏரிக்கரைச் சாலை. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை நோக்கிப் போனால் மேற்கே ஏரி, கிழக்கே வயல். கேட்டவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். அவனோடு இன்னும் நான்கு பேர். எல்லோரும் காவலர் தேர்வுக்காக ஓடுகிறவர்கள். எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். மற்ற நால்வர் காலிலும் ஏதோ ஒன்று இருந்தது. இவன் வெறுங்கால். கான்வாஸ் ஷூ ஒன்றை லேஸில் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

“ஏன்டா ஷூவ கழுத்துல மாட்டிக்கிட்டு ஓடுற?”

“இது செலக்‌ஷன் அன்னிக்குப் போடறதுக்குண்ணே. இப்பவே போட்டா தேஞ்சிடும்.”

என் ஷூவின் விலை மூவாயிரம் என்று சொன்னேன். பொய். பதினோராயிரம். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. அளவு இருவருக்கும் எட்டு. “போட்டுப் பாக்குறியா?” என்றேன். மாட்டிக்கொண்டு ஓடினான். நான் சாலையோரம் சாக்ஸோடு நின்று, ஏரிமேல் வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அடையாளம் வைத்திருந்த மரம்வரை போய்த் திரும்பி வந்தவன், மூச்சு வாங்கியபடி தீர்ப்புச் சொன்னான்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. மெத்தையில ஓடுற மாதிரி. ஆனா தரை எங்க இருக்குன்னே தெரியல.”

அந்த ஷூவை வாங்குவதற்கு முன் முப்பது நாற்பது மதிப்புரைகளாவது படித்திருப்பேன். வீடியோக்கள் தனி. ஒன்றுகூட எனக்கு இதைச் சொல்லவில்லை. இவன் ஏழு நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

*

தினசரிப் பயிற்சிக்கான குஷன் ஷூ என்று ஒரு வகை உண்டு. பந்தயத்துக்கு அல்ல, வாரத்தில் ஐந்து நாள் மெதுவாக ஓடுவதற்கு. அதைப் பற்றிய மதிப்புரைகளுக்கு உலகம் முழுக்க ஒரே அச்சுதான். குதிகாலடியில் ஃபோம் எத்தனை மில்லிமீட்டர், முன்பாதத்தில் எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, எடை எத்தனை கிராம், போன ஆண்டு மாடலைவிட எவ்வளவு ‘துள்ளல்’. கடைசியில் ‘யாருக்கு ஏற்றது’ என்று ஒரு பத்தி. தமிழில் செய்கிறவர்களும் இதே அச்சில்தான் வார்க்கிறார்கள். ஒருவர் அழகாக மொழிபெயர்த்து, “இது ஒரு வேலைக்குதிரை நண்பர்களே” என்றார். சேத்தியாத்தோப்பில் குதிரையை எந்த வேலைக்கு யார் பூட்டினார்கள்?

எனக்கு மொழிபெயர்ப்பின்மேல் கோபமில்லை. அந்த மதிப்புரைகளில் சாலை இல்லை என்பதுதான் கோபம். அமெரிக்காவின் ஏதோ ஒரு பூங்காவில் மழை கழுவிவிட்ட நடைபாதையில் ஓடிப் பார்த்து எழுதியதை, அதன் சாலையைக் கழற்றிவிட்டு, எண்ணிக்கைகளை மட்டும் இறக்குமதி செய்கிறோம். நான் மென்பொருள்காரன். “என் மிஷின்ல ஓடுதே” என்பது எங்கள் துறையின் பழைய ஜோக். நிரல் வாடிக்கையாளரிடம் போய்ப் படுத்துவிடும், எழுதியவன் தன் கணினியைக் காட்டிச் சத்தியம் செய்வான். நம் ஷூ மதிப்புரைகள் எல்லாம் இந்த ஜோக்கின் நீண்ட வடிவம்தான். இலக்கிய வாசகர்களுக்கு இந்த வியாதி புதிதும் அல்ல. எங்கோ ஒரு நிலத்தில் விளைந்த கோட்பாட்டை அந்த நிலம் இல்லாமல் கொண்டுவந்து இங்கே நாவல்களுக்கு மார்க் போட்டதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே நான் சாலையிலிருந்து தொடங்குகிறேன்.

*

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர்வரை 165 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைத் திட்டத்தை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். முதல் துண்டு முடிந்து இரண்டாவது தொடங்கும் ஊர் சேத்தியாத்தோப்பு. வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த ஆண்டுகளில் இங்கே ஓடியவர்களுக்குத் தெரியும், சாலை என்பது தார், ஜல்லி, செம்மண், மறுபடி தார் என்று இருநூறு மீட்டருக்கு ஒருமுறை மாறுகிற ஒரு பொருள். கிராமத்துச் சாலைகளுக்கு வேறு கதை. நடவுக் காலத்தில் டிராக்டர்கள் கேஜ் வீலைக் கழற்றாமலே ரோட்டில் ஏறும். தார் முழுக்க இரும்புப் பட்டை பதிந்த தழும்பு. அரவைப் பருவத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் வரிசைகட்டும். பின்விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். விழுந்து நசுங்கிய கரும்புச் சோகையில் பனி இறங்கினால் எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கும்.

இந்த ஊரில் ஒரு குஷன் ஷூவுக்கு நான் வைக்கும் தேர்வுகள் இவை.

முதல் தேர்வு, முள். எடையைக் குறைக்க இப்போது அடியில் ரப்பரை முழுசாக ஒட்டுவதில்லை. குதிகாலில் ஒரு துண்டு, முன்னால் ஒரு துண்டு, நடுவில் வெறும் ஃபோம். மதிப்புரையில் இது பாராட்டாக வரும்: “முப்பது கிராம் மிச்சம்.” ஏரிக்கரையில் சீமைக்கருவேல முள்ளுக்கு அந்த வெற்று ஃபோம் வெண்ணெய். நான்காம் வாரமே என் வலது உள்ளங்காலில் ஏறியது. நாற்பது மில்லிமீட்டர் மெத்தையைத் தாண்டி முள் காலுக்கு வராது என்று நினைக்கிறோம். குதிகாலில்தான் அது நாற்பது, நடுப்பாதத்துக்குக் கீழே அதைவிடக் குறைவு. மேலும் முள் ஒரே நாளில் வருவதில்லை. உடைந்து உள்ளே தங்கி, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பத்தாவது கிலோமீட்டரில் வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.

இரண்டாவது, ஐப்பசி. நனைந்த ஷூ எத்தனை மணி நேரத்தில் காயும்? வடகிழக்குப் பருவமழையில் என் ஷூ காய இரண்டு பகல் ஆனது, அதுவும் உள்ளே செய்தித்தாள் திணித்து, ஃபேன் அடியில் வைத்து. தடித்த ஃபோமும் தடித்த நாக்குப் பகுதியும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தினசரி ஷூ என்று பெயர், மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடலாம் என்றால் அது எந்த ஊர் தினசரி?

மூன்றாவது, வெயில். இந்த ஷூக்களில் பரவலாக இருப்பது ஈவிஏ வகை ஃபோம். லட்சக்கணக்கான நுண்ணிய காற்றறைகள். மிதிக்கும்போது அமுங்கும், எடுத்தால் மீளும். சூட்டில் இளகும், குளிரில் இறுகும். குளிர்ந்த ஊரில் ‘சற்று இறுக்கம்’ என்று எழுதப்பட்ட அதே ஷூ நம் சித்திரையில் பஞ்சாக இருக்கும். அந்தப் பையன் சொன்னதில் பாதி இதுதான். ஓடி முடித்து அதை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தினால் ஃபோமின் ஆயுள் இன்னும் குறையும். 500 முதல் 800 கிலோமீட்டர்வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. என்னுடையது 430-இல் செத்தது. வெளியே பார்த்தால் புதிதுபோல இருந்தது, உள்ளே துள்ளல் போய் முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியிருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன், ‘இயல்பான தேய்மானம்’ என்று பதில் வந்தது. பெயர் வேண்டாம். வேறு பெயரென்றாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

நான்காவது தேர்வுக்கு எந்த மதிப்புரையிலும் இடம் கிடையாது. தை மாதம், சம்பா அறுவடை. பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள். முதல் ஆண்டு நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதன்மேல் நான்கு எட்டு வைத்துவிட்டேன். படுதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்தே விட்டார். “ஏம்ப்பா, சோறு திங்கற புள்ளதான நீயி? நெல்லு மேல செருப்புக் காலோட போற?” அன்றிலிருந்து தை மாதத்தில் நான் பல இடங்களில் நின்று, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாக நடந்து, மறுபடி மாட்டி ஓடுகிறேன். ஆகவே என் தேர்வுத் தாளில் ஒரு கேள்வி: லேஸை அவிழ்க்காமல் கழற்றி மாட்ட முடிகிறதா? காலைப் பிடித்துக் கட்டிப்போடும் நவீன மேற்புறத்தைப் புகழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது.

*

இதைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் சந்தோஷப்படும். “அதான் பாஸ், ஷூவே கார்ப்பரேட் சதி. நம்ம முன்னோர்கள் வெறுங்காலில்தான் ஓடினார்கள்.” இவர்களோடுதான் என் பெரிய சண்டை.

இவர்களின் சுவரில் அபேபே பிகிலாவின் படம் இருக்கும். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலில் வென்றார், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. உண்மை. 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடி வென்றார், 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. இதுவும் உண்மை. இரண்டாவது படத்தை இவர்கள் மாட்டுவதில்லை. அடுத்து, ‘பார்ன் டு ரன்’ புத்தகம் புகழ்பெறச் செய்த மெக்சிகோவின் ராராமுரி மக்கள். அவர்கள் மலைப்பாதையில் ஓடுவது பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பில். நம் ஊரில் டயர் செருப்பு போட்டவரை யாரும் ஞானியாக்கவில்லை. அந்தப் புத்தக அலையில் ‘வெறுங்கால் போன்ற’ விரல் ஷூக்கள் விற்றுத் தீர்ந்தன. காயம் குறையும், பாதம் வலுப்படும் என்ற விளம்பரத்தை எதிர்த்த வழக்கில், விப்ரம் நிறுவனம் 2014-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசத்துக்கு வந்தது. வெறுங்காலையும் பெட்டியில் போட்டு விற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று?

நம்மவர் ஒருவரும் உண்டு. ஷிவ்நாத் சிங். பல பந்தயங்களை வெறுங்காலில் ஓடியவர். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேசிய சாதனையாக நின்றது. அதை வெறுங்காலின் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இந்த நாடு அடுத்த நாற்பது ஆண்டுகள் தன் ஓட்டக்காரர்களை வைத்திருந்த லட்சணத்தின் சாட்சி.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வெறுங்கால் எப்போது விருப்பமாக இருந்தது? ஊர்த்தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்று தலித்துகளைக் கட்டாயப்படுத்திய ஊர்கள் நம்மைச் சுற்றி இருந்தன. அப்படி நடந்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். நெல்லுக்காக நான் ஷூவைக் கழற்றுவது என் மரியாதை. தெருவுக்காக அவர்கள் கழற்ற வைக்கப்பட்டது அவமானம். இரண்டு செயலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ‘முன்னோர்கள்’ என்று பன்மையில் பேசுகிறவர், தன் முன்னோர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை முதலில் சொல்லட்டும்.

*

சரி, குஷன் காலைக் காப்பாற்றுகிறதா இல்லையா? ஓடும்போது ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. ஆகவே தடித்த மெத்தை நல்லது என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆய்வுகள் அவ்வளவு எளிதாக இல்லை. காக்ரேன் அமைப்பு 2022-இல் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பாத அமைப்பைப் பார்த்து ஷூவைப் பரிந்துரைத்தால் காயம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றது. கடையில் டிரெட்மில்லில் ஏற்றி, வீடியோ எடுத்து, “உங்களுக்கு இதுதான் சார்” என்கிற சடங்கின் மதிப்பு அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை சுவாரசியமானது. லக்சம்பர்க்கில் 848 சாதாரண ஓட்டக்காரர்களுக்குப் பார்க்க ஒரேபோல இருக்கும் இரண்டு வகை ஷூக்களைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று மென்மை, ஒன்று கடினம். 2020-இல் முடிவு வந்தது. கடின ஷூ போட்டவர்களுக்குக் காய வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. குஷன் கட்சி குதூகலிக்கலாம். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அந்தப் பயன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது, எடை கூடியவர்களிடம் அல்ல. “நீங்க கொஞ்சம் வெயிட்டா இருக்கீங்க சார், மேக்ஸ் குஷன் எடுத்துக்குங்க” என்று கடையில் சொன்னதற்கு நேர் எதிர்.

என் எடை 84 கிலோ. அந்தப் பையன் ஐம்பத்தைந்து தாண்டமாட்டான். ஒரே சோதனையை வைத்து ஊருக்குத் தீர்ப்பெழுதக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கணக்குப்படி மென்மையான ஷூ யாருக்குத் தேவையோ அவன் அதைக் கழுத்தில்கூட மாட்ட முடியாது. யாருக்குப் பயன் சந்தேகமோ அவன் பதினோராயிரம் கொடுத்து வாங்கி, விலையை மூவாயிரம் என்கிறான்.

விலையை நாம் எழுதும் விதமும் ஒரு மோசடி. ‘பத்தாயிரத்தை ஒட்டிய நடுத்தர விலை’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. யாருக்கு நடுத்தரம்? 2025-26-க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். என் ஷூ கிட்டத்தட்ட முப்பத்து மூன்று நாள் கூலி. அதாவது நூறு நாளில் மூன்றில் ஒரு பங்கு. மில்லிமீட்டரை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வகுத்தல் மட்டும் ஏன் வராது?

இத்தனைக்கும் இந்தப் பொருள் ஏதோ வேற்று கிரகத்திலிருந்து வருவதில்லை. செய்யாறில் நைக்கிக்கு ஷூ தைக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. 2023-இல் தைவானின் பௌ சென் குழுமம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் போட்டது, இருபதாயிரம் பேருக்கு வேலை என்றார்கள். எங்களுக்கு விருத்தாசலம் தாண்டினால் அந்த மாவட்டம். உலகத்துக்கு ஷூ தைக்கும் நிலத்தில், அந்த நிலத்தில் ஓடிப் பார்த்த ஒரு மதிப்புரை கிடையாது.

மதிப்பிடத் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த என் பெரியப்பா, சூளையிலிருந்து வந்த கோப்பையை விரலால் சுண்டிக் காதில் கேட்பார். கணீரென்றால் நல்லது, மட்டமான சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். எங்கள் பேருந்து நிலையத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் ஐயாவிடம் செத்துப்போன என் ஷூவைக் கொண்டுபோனேன். கவிழ்த்து ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, வலது காலை வெளிப்பக்கமா இழுத்து இழுத்து வைக்கிற. எப்பயாச்சும் கால் சுளுக்கிருக்கா?” கல்லூரியில் சுளுக்கியது. டிரெட்மில்லும் வீடியோவும் சொல்லாததை, தேய்ந்த ரப்பரை வைத்துச் சொன்னார். “ஒட்டிக் குடுக்கலாம். ஆனா இது ஊசி புடிக்காத சாமான், பஞ்சு. கிழிஞ்சா கிழிஞ்சதுதான்” என்றார். ஊசி பிடிக்குமா என்பதை என் ஐந்தாவது தேர்வாகச் சேர்த்துக்கொண்டேன்.

*

என் மதிப்பீட்டை முடித்துவிடுகிறேன். அந்த ஷூ சுகமானது, மறுக்கவில்லை. ஏரிக்கரையின் நல்ல தாரில், கார்த்திகைக் குளிரில், மழையில்லாத காலையில் அதைப்போல ஒன்று இல்லை. அப்படிப்பட்ட காலைகள் இங்கே ஆண்டுக்கு முப்பது நாற்பது வரும். மற்ற நாட்களில் முள் ஏறும், ஈரம் காயாது, வெயிலில் இளகும், கிழிந்தால் தைக்க முடியாது. சேத்தியாத்தோப்புக்கு இது தினசரி ஷூ அல்ல.

போன மாதம் அந்தப் பையனை மறுபடி பார்த்தேன். கான்வாஸ் ஷூ இன்னும் கழுத்தில்தான் இருந்தது. மனசு உறுத்தியது. “டேய், அன்னிக்கு வெலைய மாத்திச் சொல்லிட்டேன். அது பதினோராயிரம்” என்றேன்.

“தெரியும்ணே” என்றான். “அன்னிக்கே நெட்ல பாத்துட்டேன்.” சிரித்தான். குத்திக்காட்டும் சிரிப்பாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு கேட்டான்: “ஆயிரத்து ஐநூறுக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணே. நீங்கதான் நெறைய படிக்கிறீங்கள்ல.”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எதுவும் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. இறங்கிய ஓரிரண்டும் பெட்டியைத் திறந்து காட்டி, “இந்த விலைக்கு ஓகே” என்று மூடிவிட்டன. எத்தனை கிலோமீட்டரில் அடி பிளக்கிறது, முள் எங்கே ஏறுகிறது, மழையில் பசை விடுகிறதா என்று யாரும் ஓடிப் பார்த்து எழுதவில்லை. இந்த நாட்டில் அதிகம் பேர் வாங்கக்கூடிய ஷூவைத்தான் யாருமே மதிப்பிடவில்லை.

சிதம்பரம் போய் ஆயிரத்து ஐநூறுக்குள் இரண்டு ஜோடி வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. ஒரே மாடல். நான் 84 கிலோ, அவன் 55. ஒரே சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் கவிழ்த்துப் போட்டு முள் எண்ணுகிறோம். இதுவரை 140 கிலோமீட்டர். என்னுடையதில் பதினொன்று, அவனுடையதில் நான்கு. ஐப்பசி இனிமேல்தான் வர வேண்டும்.